குழப்பத்தை ஆட்டோமேட் செய்தால் என்ன கிடைக்கும்? வேகமான குழப்பம்!

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 20 கோடி ரூபாய். அதற்குக் காஸ்டிங் சப்ளை செய்யும் சின்ன பவுண்டரிக்காரர் ஒருவர், மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுக்கு போன் போடுகிறார்.

“சார், நம்ம பில்லு பாஸ் ஆயிடுச்சுங்களா?”

“ஸ்டோர்ஸ்ல இருந்து இன்னும் பேப்பர் வரலீங்களே. எதுக்கும் அங்க ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.”

ஸ்டோர்ஸில் கேட்டால், “நாங்க அன்னைக்கே மேல அனுப்பிட்டோமே” என்கிறார்கள். பர்ச்சேஸ் மேனேஜர் லீவு. பில் எங்கே நிற்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். சரக்கு கேட்டுக்குள் வந்ததும் செக்யூரிட்டி ஒரு ரிஜிஸ்டரில் எழுதினார். ஸ்டோர்ஸில் எண்ணிப் பார்த்து இன்னொரு நோட்டில் எழுதினார்கள். டெலிவரி சலானை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதைப் பார்த்து ஒருவர் எக்ஸெல்லில் அடித்தார். அதையே மறுபடி இன்னொருவர் டேலியில் அடித்தார். ஒரே விவரம் ஐந்து இடத்தில் இருக்கிறது. ஆனால் 100 காஸ்டிங்கில் 4 ரிஜெக்ட் ஆன விஷயம் ஸ்டோர்ஸ் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. பில்லோ 100க்கும் போடப்பட்டிருக்கிறது. அந்த 4 காஸ்டிங்குக்காக மொத்தப் பணமும் நிற்கிறது.

இந்த நேரத்தில்தான் முதலாளிக்கு ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்காரர் லேப்டாப்பில் டெமோ காட்டுகிறார். “எல்லாமே ஆட்டோமேட்டிக் சார். பில்லை ஸ்கேன் பண்ணா போதும், மிச்சத்தை அதுவே பாத்துக்கும்.”

வாங்கலாமா, வேண்டாமா? இன்று தமிழகத்தின் ஆயிரக்கணக்கான சிறு, நடுத்தர நிறுவனங்களின் முன்னால் நிற்கும் கேள்வி இது. விலை என்ன, எந்த பிராண்டு என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த வேலையை இயந்திரத்திடம் கொடுப்பது, எதை அடியோடு நிறுத்துவது, தப்பு நடந்தால் ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் வாங்கும் சாப்ட்வேர், பழைய குழப்பத்தை இன்னும் வேகமாக ஓட்டும், அவ்வளவுதான்.

‘ப்ராசஸ் ஆட்டோமேஷன்’ என்றால் என்ன?

ஆட்டோமேஷன் என்றதும் தொழிற்சாலையில் கை நீட்டி வேலை செய்யும் ரோபோதான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதுவல்ல. ஆர்டர் எடுப்பது, பில் போடுவது, சம்பளக் கணக்கு, லீவு அனுமதி, வரித் தாக்கல், புகாருக்குப் பதில் என ஒரு நிறுவனத்துக்குள் கை மாறிக் கை மாறி நகரும் வேலைகளை சாப்ட்வேரே நகர்த்துவதுதான் ப்ராசஸ் ஆட்டோமேஷன்.

இதில் பொதுவாக மூன்று வகை உண்டு. முதலாவது, விதிப்படி வேலையை நகர்த்துவது. ‘50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் மேனேஜருக்குப் போ, இல்லையென்றால் நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போ’ என்று ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், அது தானாகவே அப்படிப் போகும்.

இரண்டாவது, ஆர்பிஏ எனப்படும் ரோபோட்டிக் ப்ராசஸ் ஆட்டோமேஷன். ஒரு ஊழியர் திரையில் என்ன செய்வாரோ, அதையே ஒரு மென்பொருள் ‘பாட்’ செய்யும். இந்த எக்ஸெல்லைத் திறந்து, அந்த எண்ணை காப்பி செய்து, இன்னொரு போர்ட்டலில் பேஸ்ட் செய்து, சப்மிட் அழுத்தும். பழைய சாப்ட்வேரை மாற்ற வேண்டியதில்லை என்பது வசதி. போர்ட்டலில் ஒரு பட்டன் இடம் மாறினாலே பாட் திணறிப்போகும் என்பது பலவீனம்.

மூன்றாவது, ஏஐ. கசங்கிய பில்லின் போட்டோவைப் பார்த்து ஜிஎஸ்டி எண், தொகை, தேதி எல்லாவற்றையும் படித்து எடுக்கும். விதி எழுதி வைக்க முடியாத இடங்களிலும் வேலை செய்யும். ஆனால் தப்பாகப் படித்தாலும், சரியாகப் படித்ததைப் போலவே கொண்டுவந்து நீட்டும்.

ஏன் இப்போது இவ்வளவு அவசரம்?

“முப்பது வருஷமா நோட்டுலதான் எழுதுறோம், என்ன குறைஞ்சு போச்சு?” என்று கேட்கும் முதலாளிகள் இன்றும் உண்டு. குறை அவர்களிடம் இல்லாமல் இருக்கலாம். அவர்களைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிட்டது.

இந்தியாவில் ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. அடுத்து, சரக்கு லாரியில் ஏறும்போதே ஆன்லைனில் பதிவு செய்யும் இ-வே பில் 2018ல் வந்தது. அதன் பிறகு வந்த இ-இன்வாய்ஸ்தான் பெரிய திருப்பம். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் என்று தொடங்கினார்கள். 2021ல் அந்த வரம்பு 100 கோடி, 50 கோடி என்று இறங்கியது. 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் இருந்தாலே போதும். மூன்றே ஆண்டுகளுக்குள், ஒரு பெரிய கார்ப்பரேட்டின் வேலை என்று நினைத்தது நம் ஊர் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டது.

இ-இன்வாய்ஸ் என்றால் பில்லை பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்புவதல்ல. பிற நிறுவனங்களுக்குப் போடும் ஒவ்வொரு பில்லின் விவரமும் அரசு அங்கீகரித்த போர்ட்டலுக்குப் போய், 64 எழுத்து-எண்கள் கொண்ட ஓர் அடையாள எண்ணும் க்யூஆர் கோடும் வாங்கி வர வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தப் பில் செல்லாது. ரத்து செய்வதென்றால் அந்தப் போர்ட்டலில் 24 மணி நேரம்தான் அவகாசம். ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்ற பழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

இன்னொரு மாற்றம் இதைவிடக் கூர்மையானது. 2022 ஜனவரி முதல், சப்ளையர் தன் பில்லைப் போர்ட்டலில் ஏற்றி, அது வாங்குபவரின் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் தெரிந்தால்தான் வாங்குபவருக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடைக்கும். சப்ளையர் சோம்பேறித்தனமாக இருந்தால் நஷ்டம் வாங்குபவருக்கு. அதனால் பெரிய நிறுவனங்கள் இப்போது தரம், விலை, டெலிவரி ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் பார்க்கின்றன: ‘இவர் கணக்கு நம்ம கணக்கோட டேலி ஆகுதா?’ ஆகாவிட்டால், சத்தமில்லாமல் அடுத்த ஆர்டர் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

எதிர்த் திசையிலும் ஒரு கயிறு இறுகியிருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கான பணத்தை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். வருமான வரிச் சட்டத்தில் 2023-24 நிதியாண்டு முதல் அதற்குப் பல் முளைத்தது. கெடு தாண்டினால், பணத்தை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். ‘ஸ்டோர்ஸில் பேப்பர் நிக்குது’ என்ற சாக்கு இனி வாங்குபவரின் வரியையே ஏற்றிவிடும்.

எனவே மாறுவதா வேண்டாமா என்ற விவாதம் முடிந்துவிட்டது. எப்படி மாறுவது என்பதுதான் மிச்சம். அதற்கு உலகம் ஏற்கெனவே விலை கொடுத்துக் கற்ற பாடங்கள் சில இருக்கின்றன.

500 பேர் எங்கே, 5 பேர் எங்கே?

முதல் பாடம், நாம் பார்த்த அதே பில் பிரச்சினையிலிருந்து வருகிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் போர்டு நிறுவனம் செலவைக் குறைக்க வழி தேடியது. வட அமெரிக்காவில் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தால் 20 சதவீதம் குறைத்து 400 பேரில் முடிக்கலாம் என்று திட்டம் போட்டார்கள்.

அப்போது ஜப்பானின் மஸ்தா நிறுவனத்தை எட்டிப் பார்த்தார்கள். அங்கே அதே வேலையை 5 பேர் செய்துகொண்டிருந்தார்கள். மஸ்தா சின்ன நிறுவனம்தான். அளவு வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் போர்டில் தேவையைப் போல ஐந்து மடங்கு ஆட்கள் இருந்தார்கள்.

போர்டில் எங்கே நேரம் போனது? பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்ததற்கான ரசீது, சப்ளையரின் பில் என மூன்று காகிதங்கள் மூன்று திசையிலிருந்து வரும். மூன்றிலும் 14 விவரங்கள் பொருந்த வேண்டும். பொருந்திவிட்டால் பிரச்சினையே இல்லை. பொருந்தாதவற்றை எழுதிக் கேட்டு, தேடிக் கண்டுபிடிப்பதில்தான் ஊழியர்களின் பொழுதெல்லாம் கழிந்தது.

இந்தத் தேடலை வேகப்படுத்த ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது எளிய வழி. போர்டு அதைச் செய்யவில்லை. பொருந்தாமை என்பதே எழாதபடி வேலையை மாற்றியது. ஆர்டர் போட்டதும் அது பொதுவான தரவுத்தளத்தில் ஏறிவிடும். சரக்கு வந்து இறங்கும் இடத்திலேயே ஊழியர் திரையில் பார்ப்பார். ஆர்டரோடு பொருந்தினால் ஏற்றுக்கொள்வார். இல்லையென்றால் லாரி அப்படியே திரும்பிப் போக வேண்டியதுதான். ஏற்றுக்கொண்டால் காசோலை தானாகத் தயாராகும். சப்ளையரிடம் பில்லே கேட்கவில்லை! 14 விவரங்களுக்குப் பதில் பாகத்தின் எண், அளவு அலகு, சப்ளையர் குறியீடு என மூன்று பொருந்தினால் போதும். அந்தப் பிரிவின் ஆள்பலம் 75 சதவீதம் குறைந்தது.

இந்தக் கதையை மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹாமர் 1990ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதினார். ‘தேவையற்ற வேலையை ஆட்டோமேட் செய்யாதீர்கள், அழித்துவிடுங்கள்’ என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம்.

ஜிஎஸ்டி இருக்கும் நம் ஊரில் பில்லைத் தூக்கிப் போட முடியாது. ஆனால் சரிபார்ப்பதை கேட்டுக்கே கொண்டுவர முடியும். சரக்கோடு வரும் பில்லை அங்கேயே பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிட்டு, 96 ஏற்பு, 4 ரிஜெக்ட் என்று ஒரே இடத்தில் பதிவு செய்தால் போதும். செக்யூரிட்டி ரிஜிஸ்டர், ஸ்டோர்ஸ் நோட்டு, வாட்ஸ்அப் போட்டோ, எக்ஸெல் நான்கும் தேவையில்லாமல் போய்விடும். பவுண்டரிக்காரருக்கும் அன்று மாலையே விஷயம் தெரிந்துவிடும்.

சரக்கு இருந்தது, அனுப்ப முடியவில்லை

இரண்டாவது பாடம் ஒரு சாக்லேட் கம்பெனியிடமிருந்து. அமெரிக்காவின் ஹெர்ஷீஸ் நிறுவனம் 1990களின் இறுதியில் 11 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் புதிய ஈஆர்பி அமைப்பைக் கொண்டுவந்தது. ஆர்டர், கிடங்கு, விநியோகம் எல்லாவற்றையும் ஒரே சாப்ட்வேரின் கீழ் கொண்டுவரும் திட்டம். வேலை இழுத்துக்கொண்டே போய், 1999 ஜூலையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்காவில் ஹாலோவீன், கிறிஸ்துமஸ் மிட்டாய் ஆர்டர்கள் குவியத் தொடங்கும் நேரம் அது. கிடங்கில் சாக்லேட் இருந்தது. கடைகளில் கேட்பு இருந்தது. நடுவே சாப்ட்வேர் தடுமாறியதால் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் சரிந்தது.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள மேலாண்மைப் படிப்பு தேவையில்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜவுளிக் கடையில் பில்லிங் சாப்ட்வேரை மாற்றுவாரா யாராவது?

நூல் அறுந்தால் நிற்கும் தறி

மூன்றாவது பாடம் நெசவிலிருந்து வருகிறது. நெசவு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். விசைத்தறியில் நூல் அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால், தறி ஓடிக்கொண்டே இருக்கும். துணி வீணாகிக்கொண்டே இருக்கும். அதைக் கவனிக்கவே ஓர் ஆள் கண் இமைக்காமல் நிற்க வேண்டும்.

ஜப்பானின் சாகிச்சி டொயோடா இதற்காகவே பல ஆண்டுகள் உழைத்தார். 1924ல் அவர் உருவாக்கிய ஜி வகைத் தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. நெசவு இயந்திரங்களுக்குப் பேர்போன இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனமே 1929ல் இதன் காப்புரிமையை விலை கொடுத்து வாங்கியது. அதே குடும்பம்தான் பின்னர் டொயோட்டா கார் நிறுவனத்தைத் தொடங்கியது.

இந்தத் தத்துவத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘ஜிடோக்கா’ என்று பெயர். ஆட்டோமேஷனைக் குறிக்கும் வழக்கமான சொல்லின் ஓர் எழுத்தில், ‘மனிதர்’ என்பதைக் குறிக்கும் கோட்டைச் சேர்த்து டொயோட்டாவில் எழுதுகிறார்கள். இயந்திரம் ஓடுவது பெரிய விஷயமில்லை. தப்பு நடந்ததும் தானே நின்று, மனிதரைக் கூப்பிட வேண்டும். டொயோட்டாவின் கார் உற்பத்தி வரிசையில் சாதாரணத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம்.

இதை மறந்தவர்களும் உண்டு. மாடல் 3 காரின் உற்பத்தியில் டெஸ்லா தடுமாறியபோது, அளவுக்கு மீறிய ஆட்டோமேஷன் தன் தவறு என்றும், மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்றும் 2018 ஏப்ரலில் எலான் மஸ்க்கே ட்விட்டரில் ஒப்புக்கொண்டார்.

நிற்காத இயந்திரம் என்ன செய்யும்?

நிறுத்தும் கயிறு யார் கையிலும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, பிரிட்டன் அஞ்சல் துறையின் ‘ஹொரைசன்’ விவகாரத்தைவிடக் கசப்பான உதாரணம் கிடையாது.

அஞ்சலகக் கிளைகளின் கணக்கைக் கணினிமயமாக்க 1999 முதல் ஹொரைசன் என்ற சாப்ட்வேர் நாடு முழுவதும் நிறுவப்பட்டது. தயாரித்தது ஃபுஜிட்சு குழுமம். சிறிது காலத்தில் பல கிளைகளில் கணக்கில் பணம் குறைவதாகத் திரை காட்டியது. கிளையை நடத்தும் சப்-போஸ்ட்மாஸ்டர்கள் குழம்பிப் போனார்கள். பெட்டியில் இருக்கும் பணத்தை எத்தனை முறை எண்ணினாலும் திரையில் உள்ள தொகை வரவில்லை. உதவி எண்ணை அழைத்தால், ‘வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே’ என்ற பதில்தான் பலருக்குக் கிடைத்தது.

குறைந்த பணத்தைக் கிளை நடத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். சேமிப்பைப் போட்டார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள். முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க் கணக்கு என்று வழக்குகள் பாய்ந்தன. கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்ற சட்டநிலையும் அவர்களுக்கு எதிராக இருந்தது. 1999க்கும் 2015க்கும் இடையே 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. சிலர் சிறைக்குப் போனார்கள். பலர் திவாலானார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவர்களில் தெற்காசிய வம்சாவளியினரும் கணிசமானவர்கள்.

555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிளையில் இருப்பவருக்கே தெரியாமல் வெளியிலிருந்து கணக்கை மாற்ற முடியும் என்பதும் நிரூபணமானது. அப்படி முடியவே முடியாது என்று அஞ்சல் நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய 2024 மே மாதம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

சாப்ட்வேரில் பிழை இருப்பது புதிதல்ல. பிழையே இல்லாத சாப்ட்வேர் உலகில் கிடையாது. ‘இது தப்பாக் காட்டுது’ என்று கவுன்ட்டரில் நின்றவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் இங்கே நடந்த கொடுமை. நம் ஊரில் ஏதோ ஓர் அலுவலகத்தில், “சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டுது, நாங்க என்ன பண்றது?” என்ற பதிலைக் கேட்காதவர் யார்? அந்த ஒரு வரி வளர்ந்தால் எதுவரை போகும் என்பதற்கு ஹொரைசன் சாட்சி.

அப்போ வேலை போகுமா?

இதைப் படிக்கும் பலருக்கும் மனதில் ஓடும் கேள்வி இதுதான். சுற்றி வளைக்காமல் சொன்னால், சில வேலைகள் போகும். போர்டு கதையில் ‘75 சதவீதம் குறைந்தது’ என்ற வரியை வெற்றி என்று மட்டும் படிப்பது நேர்மையல்ல. அந்த எண்ணுக்குள் மனிதர்கள் இருந்தார்கள். ஹாமரின் கொள்கை 1990களில் பல நிறுவனங்களுக்கு ஆட்குறைப்புக்கான சாக்காகவே பயன்பட்டது. மனிதர்கள் சார்ந்த பக்கத்துக்குத் தான் போதிய கவனம் தரவில்லை என்று ஹாமரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

சென்னையிலும் கோவையிலும் ஏராளமான இளைஞர்கள் வெளிநாட்டு நிறுவனங்களின் பில், காப்பீட்டு க்ளெய்ம், சம்பளக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறார்கள். ஒரு திரையில் பார்த்து இன்னொரு திரையில் அடிப்பது மட்டுமே வேலை என்றால், அது பாட் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் அதே ஊழியருக்கு வேறொன்றும் தெரியும். எந்த சப்ளையர் எப்போதும் தேதியை மாற்றிப் போடுவார், எந்த வகை க்ளெய்ம் அடிக்கடி தவறாகத் திரும்புகிறது, எந்த விதி காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது. சாப்ட்வேர் எழுத வருபவருக்குத் தேவைப்படுவதும் அதே அறிவுதான்.

இங்கேதான் நிறுவனங்கள் பெரும் தவறு செய்கின்றன. அந்த ஊழியரை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அவரையே வீட்டுக்கு அனுப்புகின்றன. அடுத்த முறை விதி மாறும்போது கேட்பதற்கு ஆள் இருக்காது. அடுத்த பிரிவில் உள்ளவர்களோ, தங்களுக்குத் தெரிந்ததை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஏன் சொல்ல வேண்டும்? ‘தெரிஞ்சதைச் சொன்னா வேலை போயிடும்’ என்ற பயம் இருக்கும் இடத்தில் எந்த ஆட்டோமேஷனும் உருப்படாது. மிச்சமாகும் நேரத்தில் அவர்களுக்கு என்ன வேலை, என்ன பயிற்சி, என்ன சம்பளம் என்பதைத் திட்டத்தின் முதல் நாளிலேயே நிர்வாகம் சொல்லிவிட வேண்டும். அது தர்மம் மட்டுமல்ல, நல்ல வியாபாரமும்கூட.

எங்கிருந்து தொடங்குவது?

சிறு, நடுத்தர நிறுவனங்கள் சாப்ட்வேர் டெமோவுக்கு நேரம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை இவை.

1. ஒரு பில்லோடு நடந்து பாருங்கள்: ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டு, அது கேட்டில் நுழைந்ததிலிருந்து பணம் போகும்வரை எந்தெந்த மேஜைக்குப் போகிறது, எங்கே எத்தனை நாள் தூங்குகிறது என்று கூடவே போய் எழுதுங்கள். பெரும்பாலான முதலாளிகள் தங்கள் நிறுவனத்தில் இப்படி நடந்ததே இல்லை.

2. முதலில் வெட்டுங்கள்: ‘இந்தக் கையெழுத்து எதற்கு?’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேளுங்கள். ‘எப்பவுமே அப்படித்தான்’ என்ற பதில் வந்தால் அந்தக் கட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு மாதம் பாருங்கள்.

3. பெயர்களைச் சரி செய்யுங்கள்: ஒரே சப்ளையர் கணக்கில் ‘முருகன் ஏஜென்சி’, ‘ஸ்ரீ முருகன் ஏஜென்சீஸ்’, ‘முருகன் அண்ணன்’ என்று மூன்று பெயரில் இருந்தால், எந்த சாப்ட்வேரும் அவரை மூன்று பேராகத்தான் பார்க்கும். அலுப்பான வேலைதான். ஆனால் இதைத் தள்ளிப்போடவே முடியாது.

4. சீசன் இல்லாத மாதத்தில், சின்னதாகத் தொடங்குங்கள்: ஒரு பிரிவு, ஒரு வகைப் பில் போதும். பழைய முறையும் புதிய முறையும் சில வாரங்கள் சேர்ந்தே ஓடட்டும். இரண்டும் ஒரே விடை தரும்வரை பழைய நோட்டை மூடாதீர்கள்.

5. நிறுத்தும் கயிற்றை ஒருவர் கையில் கொடுங்கள்: சாப்ட்வேர் ‘பொருந்தவில்லை’ என்று ஒதுக்கும் பில்களை யார் பார்ப்பார், எத்தனை நாளுக்குள் பார்ப்பார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். சாப்ட்வேர் சொல்வது தப்பு என்று ஊழியர் சொன்னால், அதைப் பதிவு செய்யவும் விசாரிக்கவும் ஒரு வழி வையுங்கள். யார், எப்போது, எந்த எண்ணை மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும்.

6. வெளியேறும் வழியைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்: நாளை வேறு சாப்ட்வேருக்கு மாறினால் இத்தனை வருடக் கணக்கும் முழுதாகக் கையில் கிடைக்குமா? மாதச் சந்தா ஏறினால் என்ன செய்வது? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அரசுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. இ-இன்வாய்ஸ் வரம்பு 500 கோடியிலிருந்து 5 கோடிக்கு இறங்கிய வேகத்தில், சிறு நிறுவனங்களுக்கான பயிற்சியும் உதவியும் இறங்கி வரவில்லை. விதியும் போர்ட்டலும் மாறும்போதெல்லாம் பெரிய நிறுவனம் ஐடி பிரிவுக்கு ஒரு மெயில் போட்டுவிடும். பவுண்டரிக்காரருக்கு ஐடி பிரிவு கிடையாது. அவருக்கு இருப்பது ஒரு ஆடிட்டரும், சாயங்காலம் வந்து கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு பெண்ணும்தான். மாற்றங்களுக்குப் போதிய அவகாசமும், தமிழில் தெளிவான வழிகாட்டியும், மாவட்டத் தொழில் மையங்களில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆளும் இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பது நியாயமானதே.

ஆட்டோமேஷன் வெற்றியா தோல்வியா என்பதை எத்தனை பாட் ஓடுகிறது, எத்தனை பேர் குறைந்தார்கள் என்ற கணக்கை வைத்து முடிவு செய்ய முடியாது. அந்த பவுண்டரிக்காரரை வைத்து முடிவு செய்யலாம். பணம் எப்போது வரும் என்று அவருக்கே தெரிந்திருந்தால், மாதக் கடைசியில் அவர் போன் போட வேண்டியிருக்காது. அதையும் மீறி ஒரு நாள் போன் போட்டு, “ஏதோ தப்பா இருக்குதுங்க சார்” என்று சொன்னால், எதிர்முனையில் ஒரு மனிதர் இருக்க வேண்டும். “சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது” என்று அவர் சொல்லக் கூடாது. “இருங்க, பாக்குறேன்” என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, உண்மையிலேயே பார்க்கவும் வேண்டும்.